70 டிகிரியில் நின்றுபோகும் பன்றித் தோள்பட்டை

கேள்வி: எலும்போடு 3 கிலோ பன்றித் தோள்பட்டையை மூடியுள்ள கரி கிரில்லில் புகை போட்டேன். 5 மணி நேரத்தில் உள்சூடு 70 டிகிரி செல்சியஸ் வந்தது. அப்புறம் 3 மணி நேரம் அசையவே இல்லை. கரியைக் கூட்டி, 80-ல் இறக்கினேன். வெளியே கருகல், உள்ளே ரப்பர். பிரிக்கவே வரவில்லை. எங்கே தவறு?

பதில்: 70-ல் நின்றது கோளாறே இல்லை. பெரிய துண்டுகள் பெரும்பாலும் 65-க்கும் 75-க்கும் இடையில் இப்படி நிற்கும். இறைச்சியிலிருந்து கசியும் நீர் மேலே ஆவியாகி, வியர்வை காயும்போது உடம்பு குளிர்வதுபோல் துண்டைக் குளிர்விக்கிறது. மேற்பரப்பு காயும்வரை சூடு ஏறாது. அந்த நேரத்தில் கரியைக் கூட்டினால் வெளிப்புறம்தான் கருகும்.

80-ல் இறக்கியதுதான் உண்மையான தவறு. 63 டிகிரி தொட்டு 3 நிமிடம் ஆறினாலே சாப்பிடப் பாதுகாப்பானதுதான். ஆனால் நார்நாராகப் பிரிய அது போதாது. தோள்பட்டை ஓயாமல் உழைக்கும் தசை, அதனால் தசை நார்களைக் கட்டிவைக்கும் கடினமான புரதமான கொலாஜன் நிறைய. அது ஜெலட்டினாக உருகச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். 80-ல் தசை சுருங்கி நீரை இழந்துவிட்டது, கொலாஜனோ பாதிதான் உருகியிருந்தது. 93 முதல் 96 வரை போக விடுங்கள்.

அடுத்த முறை முந்தின இரவே கிலோவுக்கு 15 கிராம் உப்பு தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிளகு, மிளகாய்த்தூள் காலையில் போதும். சர்க்கரை சேர்த்தால் கொஞ்சமாகச் சேருங்கள், தீ கூடினால் முதலில் கருகுவது அதுதான்.

கரி ஒரு பக்கம், இறைச்சி மறுபக்கம், அதன் அடியில் தண்ணீர்த் தட்டு. மூடியின் துவாரம் இறைச்சிக்கு நேர்மேலே, முழுக்கத் திறந்து இருக்கட்டும். சூட்டைக் கீழ்த் துவாரத்தால் அடக்குங்கள். இறைச்சி இருக்கும் கம்பி மட்டத்தில் 110–120 டிகிரி வேண்டும். மூடியில் பதித்த மீட்டரை நம்பவேண்டாம், அது மேலே உள்ள காற்றின் சூட்டைத்தான் காட்டும். ஆப்பிள், செர்ரி, ஓக் மரத்தில் ஏதாவது ஒன்று, கைமுட்டி அளவில் 3 அல்லது 4 துண்டு போதும். பைன் போன்ற பிசின் மரம் கூடாது. புகை மெல்லிசாக, நீலம் ஓடியதாக வரவேண்டும். வெள்ளையாகத் திரண்டு வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். அந்தப் புகை ஏறிய கறி கசக்கும்.

நிற்கும் கட்டத்தைக் கடக்க ஒரு வழி உண்டு. மேல்தோடு கருஞ்சிவப்பாகி, நகத்தால் கீறினாலும் மசாலா உரியாத நிலை வந்ததும் இரண்டு சுற்று அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். ஆவி அடைபட்டால் சூடு மறுபடி ஏறும். தோடு சற்று இளகும், அது இதற்குக் கொடுக்கும் விலை. சுற்றிய பிறகு புகைக்கு வேலை இல்லை; 120 டிகிரி ஓவனுக்கு மாற்றினாலும் ருசி குறையாது.

உள்சூடு 95-ஐத் தொட்டதும் அந்த அளவை மட்டும் பார்த்து இறக்காதீர்கள். தெர்மாமீட்டர் கம்பியைப் பல இடங்களில் குத்துங்கள், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கவேண்டும். எலும்பைப் பிடித்து அசைத்தால் சதை ஒட்டாமல் கழன்று வரும். ஒரு இடம் இறுகினாலும் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள். 3 கிலோவுக்கு மொத்தம் 10 முதல் 12 மணி நேரம் ஆகலாம், விருந்து நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இறக்கியபின் தாளைப் பிரிக்காமல் துவாலை சுற்றி, காலி ஐஸ் பெட்டியில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். உள்சூடு 60-க்குக் கீழே போகக்கூடாது. பிரித்த பிறகு தாளில் தேங்கிய சாற்றில் கொழுப்பை வழித்துவிட்டு, மீதியைக் கறியிலேயே ஊற்றிப் பிசறுங்கள்.

ரப்பரான துண்டு ஃப்ரிட்ஜில் பத்திரமாக இருந்தால் வீணாக்கவேண்டாம். கருகலைச் சீவி, அரை கப் தண்ணீரோடு தாளில் சுற்றி, 140 டிகிரி ஓவனில் உள்சூடு 95 வரும்வரை வையுங்கள். இழந்த ஈரம் முழுதும் திரும்பாது, ஆனால் நார் பிரியும்.