கோடு போட்ட தாள்

அன்புள்ள ஐயா,
என் கணவருக்கு ஓசிடி என்று நினைக்கிறேன். பாத்திரம் அடுக்கிய வரிசை மாறினால் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடுக்கச் சொல்கிறார். டாக்டரிடம் வரச் சொன்னால், "ஒழுங்கில்லாதது நீங்கள்தான், எனக்கென்ன குறை?" என்கிறார். மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா? பேசாமல் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா?
ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

அன்புள்ள அம்மா,

கலக்காதீர்கள். நம்பி உட்கார்ந்து சாப்பிடுகிறவர் தட்டில் அதைச் செய்யலாமா? என்றைக்காவது தெரிந்தால், அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

அம்மா வீட்டைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அடிக்கிறார் என்றால் இன்றே கிளம்புங்கள்.

ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, செய்ததையே செய்ய வைக்கும் நோய். அது உள்ளவருக்கு அந்த எண்ணமே உபத்திரவம். கையைக் கழுவும்போதே "இது அதிகம்" என்று பெரும்பாலும் அவருக்குத் தெரியும். ஓசிபிடி வேறு, எல்லாம் ஒழுங்காக, தப்பில்லாமல் இருந்தே ஆக வேண்டும் என்கிற ஆளுமைக் கோளாறு அது. அது உள்ளவருக்குத் தன் வழிதான் சரி, மற்றவர்கள்தான் தப்பு. உங்கள் கணவருக்கு எது என்று மனநல மருத்துவர் பேசிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான். மஞ்சக்குப்பத்தில் வீடு, பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் முந்திரி. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அத்தனை மரத்தையும் சாய்த்துவிட்டது. நிவாரணத்துக்கு மனு எழுத உட்கார்ந்தார். கரண்ட் இல்லை, மெழுகுவர்த்திதான். ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு மரக்கணக்கை எழுதினார். 'முந்திரி'யில் 'ரி'யின் கால் கீழ்க்கோட்டைத் தாண்டிவிட்டது; அந்தத் தாள் போயிற்று. அடுத்ததில் ஒரு அடித்தல், அதுவும் போயிற்று. நான் எழுதித் தருகிறேன் என்றேன், பேனாவைத் தரவில்லை. மனு கொடுக்கும் நாளே கடந்துவிட்டது. வீணான தாளை அம்மா அடுப்புப் பற்றவைக்க எடுத்தபோது அதையும் பிடுங்கிக் கட்டி வைத்துக்கொண்டார். "பிடிவாதக்காரர்" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் விரல் நடுங்கியதைப் பார்த்தும் கத்தினேன். தப்பு வந்துவிடுமோ என்ற பயம் அது. எனக்கு அது புரிந்தபோது அவர் இல்லை.

வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர்களை ஓசிடி என்று கேலி பேசுகிறார்களே, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேலையே முடியாத அளவுக்கு ஒழுங்கு பார்ப்பது சுத்தமா? அது வதை. வீட்டில் இருப்பவர்களுக்கும் வதை, அவருக்கும் வதை.

உங்கள் கணவருக்கு இருப்பது ஓசிபிடி என்றால், அதைத் தீர்க்க என்று தனி மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். முக்கியமான சிகிச்சை பேச்சுதான். ஒரு தப்பு நடந்தால் என்ன ஆகிவிடும் என்று பொறுமையாக, மாதக்கணக்கில் அவரையே சோதித்துப் பார்க்க வைப்பார்கள். அவர் மனது வைத்து உட்கார வேண்டிய சிகிச்சை இது. சோற்றில் கலந்து கொடுக்க இதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

"உங்களுக்கு நோய்" என்று கூப்பிட்டால் வர மாட்டார். தூக்கம் கெடுகிறதே, எப்போதும் களைத்துத் தெரிகிறீர்களே என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதலில் நீங்கள் போய்ப் பேசுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மாத்திரை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், சமையலறையிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.