மகளின் அனுசரணை ஒப்பந்தம்: கையெழுத்திடலாமா?

வணக்கம் ஐயா. கிளிநொச்சியில் ஈட்டி எறியும் உங்கள் 16 வயது மகளுக்குச் சப்பாத்தும் மாதாந்தம் ஒரு தொகையும் தர முன்வந்துள்ள கடை, பதிலுக்கு அவருடைய பெயரையும் படத்தையும் ஐந்து ஆண்டுகளுக்குத் தனக்கு மட்டுமே கேட்பதாகவும், டைகர் வூட்ஸ் போன்றோர் விளம்பரத்தால் உயர்ந்ததை எண்ணிக் கையெழுத்திட நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கோல்ஃப் வீரரான வூட்ஸ் 1996இல் தொழில்முறைக்கு வந்தபோதே, விளையாட்டுப் பொருள் நிறுவனமான நைக்கி ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 4 கோடி டொலர் தர இணங்கியதாகச் செய்திகள் வெளிவந்தன. அவர் களத்தில் வென்ற பரிசுப் பணம் 12 கோடி டொலர் அளவில் இருக்க, விளம்பர வருமானம் அதைப் போல் பல மடங்கு. எனினும் உலகமே தொலைக்காட்சியில் பார்க்கும் மிகச் சிலருக்கே அந்த விலை கிடைக்கிறது.

உங்களுக்கு உண்மையில் பொருந்துவது டென்னிஸ் வீரர் ரொஜர் பெடரரின் அனுபவம். 2018இல் அவர் நைக்கியை விட்டு யுனிக்லோ என்ற ஆடை நிறுவனத்துக்கு மாறிய பின்னரும், அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் ஆன சின்னம் நைக்கியிடமே இருந்து, 2020இல்தான் அவர் கைக்கு வந்தது. அத்தனை வசதியுள்ளவருக்கே அந்த நிலை என்றால், ஐந்து ஆண்டுகள் என்ற வரியை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், ஓராண்டு போதும்.

மகள் காயமடைந்தால் பணம் நிற்குமா, பாடசாலைச் சீருடையில் எடுத்த படங்களும் அடங்குமா, வேறு அனுசரணையாளர் வந்தால் விலக முடியுமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். பாடசாலை அதிபருக்கும் அறிவித்து, ஒரு சட்டத்தரணி வாசித்த பின்னரே, பெற்றோராக நீங்களும் உடனிருந்து கையெழுத்திடுங்கள்.