கடைசி வரிசைக்கும் தெரியும் ஸ்லைடுகள்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் தமிழில் தயாரித்த ஸ்லைடுகளைக் கருத்தரங்க அறைக் கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஃபான்ட்டை மாற்றியும் சரியாகவில்லை. என்ன செய்வது?
– கல்லூரி ஆசிரியை, தஞ்சாவூர்

அரைப்புள்ளி என்றதுமே தெரிந்துவிட்டது, நீங்கள் அடித்தது பாமினியில். அந்த ஃபான்ட்டில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளி விசையில் உட்கார்ந்திருக்கிறது. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். அவற்றுக்குத் தமிழ் முகமூடி மாட்டுவது பாமினி. அது இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். அங்கே லதா, நிர்மலா என்று வேறு எந்தத் தமிழ் ஃபான்ட்டைப் போட்டாலும் பலிக்காது.

நிரந்தர வழி, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறுவது. தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்றுவிட்டது. பழைய ஸ்லைடின் வரிகளை நகலெடுத்து என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு, ‘பாமினியிலிருந்து யூனிகோடு’ என்று தேர்ந்தெடுங்கள். ஒரு எச்சரிக்கை: வரிக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், மாற்றி அதையும் தமிழாக்கி அர்த்தமில்லாத எழுத்துகளாக்கிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். இனிமேல் அடிப்பதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்.

யூனிகோடில் அடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி. கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை என்று அழகான ஃபான்ட் எதையாவது இறக்கிப் பயன்படுத்தியிருந்தால், அதைக் கோப்போடு அனுப்பவேண்டும். பவர்பாயின்ட்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் அடியில் ‘எம்பெட் ஃபான்ட்ஸ்’ இருக்கும். அதில் இரண்டு வழிகள். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதித்தால் கோப்பு சிறிதாக இருக்கும். ஆனால் அங்கே போய் ஒரு சொல்லைத் திருத்தினால் புதிய எழுத்து அந்த ஃபான்ட்டில் வராது. கடைசி நேரத்தில் திருத்தும் பழக்கம் உள்ளவர்கள் எல்லா எழுத்துகளையும் பதிப்பதே நல்லது. கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியைப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அனிமேஷன் போய்விடும், எழுத்து போகாது.

ரெடிமேட் டெம்ப்ளேட்டில் தமிழ் போட்டால் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. எழுத்தும் தானாகச் சிறுத்துவிடுகிறது.
– பள்ளி ஆசிரியர், சேலம்

அந்த டெம்ப்ளேட் ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை. பவர்பாயின்ட்டின் வழக்கமான தீமில் வரி இடைவெளி 0.9. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழிலோ ‘கீ’யின் சுழி மேலே ஏறுகிறது, ‘கூ’வின் வால் கீழே இறங்குகிறது. மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டத்தான் செய்யும்.

சிறுத்துப்போவதற்குக் காரணம் ஆட்டோஃபிட். பெட்டியில் வரிகள் அதிகமானால் எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் சேர்த்தே குறைத்துவிடும். ஒரு ஸ்லைடில் 28, அடுத்ததில் 20 என்று தாறுமாறாக இருப்பது இதனால்தான்.

ஒவ்வொரு ஸ்லைடாகத் திருத்தாதீர்கள். வியூ மெனுவில் ஸ்லைடு மாஸ்டர் போய், இடப்பக்கத்தில் உச்சியிலிருக்கும் பெரிய ஸ்லைடைப் பிடியுங்கள். உள்ளடக்கப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து வரி இடைவெளியை மல்டிபிள் 1.1 அல்லது 1.2 ஆக்குங்கள். வலது கிளிக், ஃபார்மட் ஷேப், டெக்ஸ்ட் பாக்ஸ் என்று போய் ‘டூ நாட் ஆட்டோஃபிட்’ கொடுங்கள். அங்கேயே ஃபான்ட்டையும் நிர்மலா யூஐ என்று வைத்துவிடுங்கள். ஆபீஸ் தீம் தமிழுக்கென்று தேடுவது லதாவை. ஆனால் விண்டோஸ் 10 முதல் லதா ஒரு கூடுதல் தொகுப்பில்தான் வருகிறது, எல்லாக் கணினியிலும் இருக்காது. லதா அகலமானது. அது இருக்கும் கணினியிலும் இல்லாத கணினியிலும் வரிகள் வெவ்வேறு இடத்தில் மடங்கும். நிர்மலா யூஐ விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது.

அளவு? தலைப்பு 36 முதல் 40, உள்ளே 28, எக்காரணத்துக்கும் 24-க்குக் கீழே வேண்டாம். 28-ல் ஒரு வரிக்கு ஐந்தாறு தமிழ்ச் சொற்கள்தான் பிடிக்கும். ‘செயல்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கின்றன’ என்று எழுதினால் முக்கால் வரி போச்சு. ‘நடக்கின்றன’ போதாதா? சாய்வெழுத்தையும் தவிருங்கள். பெரும்பாலான தமிழ் ஃபான்ட்களில் அது தனியாக வரையப்படவில்லை, மென்பொருள் வெறுமனே சாய்த்துத் தள்ளுகிறது. அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்து.

சரிபார்க்க எளிய கணக்கு: திரையின் உயரம் 1.5 மீட்டர், கடைசி வரிசை 12 மீட்டர் தள்ளி என்றால், தூரம் உயரத்தைப்போல 8 மடங்கு. 15.6 அங்குல லேப்டாப் திரையின் உயரம் ஏறக்குறைய 19 செ.மீ. அதை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். கடைசி நாற்காலிக்காரர் பார்ப்பது அதைத்தான்.

லேப்டாப்பில் பளிச்சென்றிருக்கும் நிறங்கள் ப்ரொஜெக்டரில் வெளுத்துவிடுகின்றன. ஏன்?
– தொண்டு நிறுவன ஊழியர், மதுரை

ப்ரொஜெக்டருக்குக் கறுப்பை வீசத் தெரியாது. கறுப்பு என்பது வெளிச்சம் படாத திரை, அவ்வளவுதான். அறையில் டியூப்லைட் எரிந்தால் அந்தத் திரை சாம்பலாகிவிடும். கருநீலப் பின்னணியில் வெளிர் எழுத்து, விளக்கணைத்த அரங்குக்குப் பொருந்தும். வகுப்பறைக்கும் கூட்ட அறைக்கும் வெள்ளை அல்லது தந்த நிறப் பின்னணியில் அடர்ந்த எழுத்தே சரி.

நிற வேறுபாட்டை எண்ணால் அளக்கலாம். இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்ற விகிதமாவது கேட்கின்றன. வெள்ளைமேல் மஞ்சள் 1.1-தான். நீலத்தின்மேல் சிவப்பு 2-க்குச் சற்று மேல், கண்ணும் கூசும். கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்கள் வியூ மெனுவில் கிரேஸ்கேல் போட்டுப் பார்க்கலாம். அதில் எழுத்து பின்னணியோடு கரைந்தால் நிறத்தை மாற்றவேண்டும். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் அரங்கில் இருப்பார்கள். அதனால் ‘சரி, தவறு’ என்பதை நிறத்தால் மட்டும் காட்டாமல் குறியும் போடுங்கள்.

12 மாத மழை அளவு அட்டவணையை அப்படியே எக்செல்லிலிருந்து ஒட்டினேன். யாரும் கவனிக்கவில்லை.
– வேளாண் மாணவி, கோயம்புத்தூர்

அட்டவணை கையில் வைத்துப் படிக்க வேண்டியது. அதை அச்சிட்டுக் கொடுங்கள், திரைக்கு ஒரே ஒரு செய்தி போதும். தலைப்பில் ‘மாதவாரி மழைப்பொழிவு’ என்று போடாமல், ‘ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர்–டிசம்பரில்’ என்று முழுச் செய்தியாகவே போடுங்கள். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்கு அது பொருந்தும், உங்கள் மாவட்டக் கணக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கீழே நெடுக்குப் பட்டை வரைபடம். ஒன்பது பட்டைகள் சாம்பல், அந்த மூன்று மட்டும் அடர்நீலம். பட்டைகளுக்கிடையே ‘கேப் விட்த்’ வழக்கமாக 219 சதவீதம் இருக்கும், 70-க்குக் குறைத்தால் பட்டைகள் தடித்து நிற்கும். கட்டக்கோடுகளையும் ஓரத்து நிறக்குறிப்பையும் அழித்துவிட்டு, எண்ணைப் பட்டையின் தலையிலேயே எழுதுங்கள். அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும். நடுவில் தொடங்கினால் சின்ன வித்தியாசம் மலையாகத் தெரியும்.

படங்கள் சேர்த்ததும் கோப்பு 90 எம்.பி. ஆகிவிட்டது. மின்னஞ்சலில் போகவில்லை.
– புகைப்பட ஆர்வலர், திருநெல்வேலி

பிக்சர் ஃபார்மட்டில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ். ‘இந்தப் படத்துக்கு மட்டும்’ என்ற டிக்கை எடுங்கள், வெட்டிய பகுதிகளை நீக்கும் டிக் இருக்கட்டும், அளவு 150 பிபிஐ (அங்குலத்துக்கு 150 பிக்சல்). ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம், 150-ஆல் பெருக்கினால் 2,000 பிக்சல். முழு எச்.டி. ப்ரொஜெக்டருக்கு வேண்டியது 1,920. இதைப் பிரதியில் செய்யுங்கள், சேமித்தபின் பழைய தரம் திரும்பாது. படத்தை இழுக்கும்போது மூலையைப் பிடித்து இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஆள் குண்டாகிவிடுவார்.

எங்கள் அரங்கில் இருப்பது ஏறக்குறைய சதுரமாகப் படம் காட்டும் பழைய ப்ரொஜெக்டர். ஸ்லைடின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுகிறது.
– நூலகர், காரைக்குடி

உங்கள் ஸ்லைடின் அகல–உயர விகிதம் 16:9, ப்ரொஜெக்டருடையது 4:3. உயரத்தில் முக்கால்தான் பயன்படுகிறது. டிசைன் மெனுவில் ஸ்லைடு சைஸை ஸ்டாண்டர்ட் ஆக்குங்கள். கேட்கும்போது ‘என்ஷ்யூர் ஃபிட்’ கொடுங்கள், ‘மேக்ஸிமைஸ்’ கொடுத்தால் ஓரங்கள் வெளியே போய்விடும். இதைத் தயாரித்து முடித்தபின் செய்தால் எழுத்துகள் சிறுத்து, மறுபடி எல்லாவற்றையும் நகர்த்தவேண்டிவரும். முதல் ஸ்லைடு போடுவதற்கு முன்பே அரங்கத்தாரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.