கொழுப்பை உறைய வைத்த பிறகு என்ன சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 41, இரண்டு குழந்தைகள். கத்தியில்லாமல் அடிவயிற்றுக் கொழுப்பை உறைய வைக்கும் சிகிச்சை செய்து பதினைந்து நாள் ஆகிறது. வயிறு குறைந்தபாடில்லை, தொட்டால் மரத்துப்போய் இருக்கிறது. செத்த கொழுப்பு வெளியேற வேண்டும் என்று கிளினிக்கில் டீடாக்ஸ் பவுடர் கொடுத்தார்கள். கொள்ளு ரசமும் சுடுதண்ணீர் ஒத்தடமும் போதும் என்கிறார் மாமியார். சோற்றை அடியோடு நிறுத்திவிட்டேன். சரிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, முதலில் அந்தச் சுடுதண்ணீர்ப் பையை எடுத்து உள்ளே வையுங்கள். மரத்த தோலுக்குச் சூடு உறைக்காது. இதே சிகிச்சை செய்துகொண்டு என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், புடவையை விலக்கித் தொப்புளுக்குக் கீழே காட்டினார். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இரண்டு கொப்புளங்கள். "சுட்டதே தெரியல மேடம்" என்றார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஐஸ் ஒத்தடமும் வேண்டாம். பாவாடை நாடாவை அந்த இடத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். மரத்துப்போவது, வீக்கம், கன்றிப்போவது எல்லாம் இதில் சகஜம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

வயிறு ஏன் குறையவில்லை என்கிறீர்கள். குச்சி ஐஸ் சப்பிய குழந்தையின் கன்னத்தில் கொழுப்பு வீங்கிக் கரைந்ததை 1970-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். தோலைவிடக் கொழுப்பணு சீக்கிரம் குளிருக்குப் பலியாகும் என்ற அந்தச் சங்கதிதான் இந்தக் கருவிக்கு அடிப்படை. இறந்த அணுக்களை உடம்பின் துப்புரவு அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று அகற்றும். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அப்போதும் அந்த இடத்துக் கொழுப்பில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம்தான் குறையும். பதினைந்தாம் நாளில் டேப்பை வைத்து அளந்து மனம் வாடாதீர்கள்.

இந்த வேலைக்கு எந்தப் பவுடரும் தேவையில்லை. இப்படி விற்கும் பொடிகள் சிலவற்றில் நிலாவாரை போன்ற பேதிச் சரக்கு இருக்கும். நாலு தடவை வயிற்றால் போனால் எடை குறைந்த மாதிரி தெரியும், போனது தண்ணீர்தான். பணம் கொடுத்து வாங்கிவிட்டோமே என்று குடிக்காதீர்கள்.

மாமியாரின் கொள்ளு ரசத்தை மட்டும் விடாதீர்கள். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொன்னாலும், அது கொழுப்பை உருக்காது. ஆனால் 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. ரசத்தோடு நிறுத்தாமல், வெந்த கொள்ளைச் சுண்டலாகவோ கடைசலாகவோ சாப்பிட்டால் அது முழுதாகக் கிடைக்கும். பசி தாங்கும்.

சோற்றை நிறுத்தியதுதான் எனக்குக் கவலை. பத்து நாள் பட்டினி கிடந்து பதினோராம் நாள் மொத்தமாகச் சாப்பிடுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். எடை ஏறினால் மிச்சமிருக்கும் கொழுப்பணுக்கள் பருக்கும், செலவழித்தது வீண். மதியம் ஒரு கப் சோறு, இரண்டு கரண்டி கெட்டிப் பருப்பு, சோற்றளவுக்குக் கீரையோ பொரியலோ சாப்பிடுங்கள். இரவில் இரண்டு இட்லி, ஒரு முட்டை. அப்புறம் டீயைக் கணக்குப் பாருங்கள். நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் சர்க்கரை!

தினமும் அரை மணி நேரம் நடங்கள். ஏனென்றால் கருவி பிடிப்பது கையில் கிள்ள வருகிற கொழுப்பை மட்டுமே. சர்க்கரை நோயைக் கொண்டுவரும் உள்வயிற்றுக் கொழுப்பை அது தொடுவதே இல்லை.

இன்னொன்று, அபூர்வம்தான் என்றாலும் சொல்லிவிடுகிறேன். சில மாதம் கழித்து, கருவி வைத்த வடிவத்திலேயே அந்த இடம் கெட்டியாகப் புடைக்கலாம். கனடா நாட்டு மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா தனக்கு அப்படி ஆனதாக 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சாப்பாட்டால் குறைக்க முடியாது. 'நான்தான் அதிகம் சாப்பிட்டுவிட்டேன்' என்று உங்களையே நொந்துகொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். தோல் மருத்துவரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ பாருங்கள். கொப்புளம், தோல் கருத்துப்போவது, தாங்க முடியாத வலி என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.