உரத்தொட்டி நாறினால் மண்புழு உரத்துக்கு மாறலாமா?

இப்போதைக்கு மாற வேண்டாம். அழுகிய முட்டை வாடை அடிக்கும் கழிவை அப்படியே மண்புழுத் தொட்டியில் கொட்டினால் புழுக்கள் தப்பாது. அவற்றுக்கும் காற்று வேண்டும்.

இப்படி நாறினால் பெரும்பாலும் உரத்தொட்டியில் ஈரம் மிஞ்சியிருக்கும். தண்ணீர் இடுக்குகளை அடைத்ததும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகின்றன. அந்த வாடைதான் இது.

தொட்டியின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. விரலிடுக்கில் ஒழுகினால், நன்றாகக் கிளறி, ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகோ கிழித்த அட்டையோ சேருங்கள். அப்புறம் சில நாளுக்கு ஒருமுறை கிளறினால் போதும், வாடை அடங்கிவிடும். முட்டை வாடை இல்லாமல் மூத்திர நெடி மாதிரி மூக்கில் ஏறினால் அது அம்மோனியா, நைட்ரஜன் அதிகம். அதற்கும் சருகுதான் மருந்து.

இன்னொரு வழி பயோகேஸ் கலன், அதாவது கழிவை மூடிவைத்து எரிவாயு எடுக்கும் தொட்டி. தினமும் மிஞ்சிய சோறு, குழம்பு என்று ஈரக்கழிவே சேர்கிறதென்றால் எனக்கு அதுதான் பிடிக்கும். அதற்குக் காற்றே கூடாது, எரிவாயுவும் கிடைக்கும். ஆனால் சருகும் குச்சியும் அதில் செரிக்காது. வெளியே வரும் கரைசலை ஊற்றச் செடிகளும் வேண்டும்.

ஒன்று மட்டும்: இறைச்சியும் எண்ணெயும் உரத்தொட்டியில் போயிருந்தால் சருகு மட்டும் போதாது. அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.