தேசிக்காய்த் தண்ணி மத்தியானத்தில் ஏன் கைக்கிறது?

சுன்னாகத்தில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வெக்கை தொடங்கியதில் இருந்து தேசிக்காய், புதினா, சீனி எல்லாவற்றையும் காலையிலேயே பிளென்டரில் அடித்து, சாடியில் ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து குடித்தால் கைக்கிறது என்கிறார்கள். புதினாவும் கறுத்துப் போய் நிற்கிறது. கடைப் போத்தல் வாங்கிக் கொடுக்க மனமில்லை. சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டால் சரிவருமா? அம்மாவுக்குச் சீனி வருத்தம். அவவும் குடிக்கலாமா?"

முதலில் கைப்பைப் பார்ப்போம். அதற்குச் சீனி காரணமில்லை, அதனால் பனங்கட்டிக்கு மாறினாலும் கைக்கத்தான் செய்யும். பிளென்டரும் நேரமும் சேர்ந்து செய்கிற வேலை அது. தேசிக்காயின் வெள்ளைத் தோலிலும் சுளையின் சவ்வுகளிலும் விதையிலும் ஒரு பொருள் இருக்கிறது. பழம் முழுதாக இருக்கும்வரை அது கைக்காது. நசுங்கிச் சாற்றோடு கலந்த பிறகு, சாற்றின் புளிப்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கைப்புப் பொருளாக மாற்றிவிடும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். காலையில் நன்றாக இருந்தது மத்தியானம் கைப்பதற்கு இதுதான் காரணம். சூடு பட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும், ஆகவே தேசிச்சாற்றை ஒருநாளும் அடுப்பில் வைக்க வேண்டாம்.

பிளென்டரை விட்டுவிடுங்கள். காயை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, குறுக்கே வெட்டி, விதையை எடுத்துவிட்டுக் கையால் பிழியுங்கள். கடைசிச் சொட்டு வரும்வரை முறுக்கிப் பிழிகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் அந்தக் கடைசிச் சொட்டோடுதான் தோலின் எண்ணெயும் வெள்ளைப் பகுதியின் கைப்பும் இறங்குகின்றன. சாறு தாராளமாக வருவது நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது புதினா. இலையை அரைத்தால் அதிலுள்ள நொதிகள் காற்றோடு சேர்ந்து அதைக் கறுக்க வைக்கும். போதாததற்குத் தேசிக்காயின் புளிப்பு இலையின் பச்சை நிறத்தையே மாற்றி மங்கலான பழுப்புப் பச்சையாக்கிவிடும். இலையைப் புளிப்போடு மணிக்கணக்கில் ஊற விடாமல் இருந்தால் போதும். அதன் மணத்தைச் சீனிப்பாகில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பாகு செய்வது லேசு. ஒரு கோப்பை சீனிக்கு ஒரு கோப்பை தண்ணீர். சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கழுவிய புதினா ஒரு கைப்பிடியும் தட்டிய இஞ்சி ஒரு துண்டும் போட்டு மூடி வையுங்கள். பத்து நிமிடத்தில் வடித்து எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் கிடந்தால் புல் வாசம் வரும். ஆறியதும் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு கிழமைக்குத் தாங்கும்.

பனங்கட்டி போடலாம், ஆனால் புதினாவோடு வேண்டாம் என்பது என் கருத்து. பனங்கட்டியின் மணம் தடித்தது, புதினாவை அமுக்கிவிடும். அதற்குச் சேருவது இஞ்சியும் துளசியும்தான். வளவில் கற்பூரவள்ளி நின்றால் இரண்டு இலை போதும், மூன்றாவது இலை போட்டால் இருமலுக்குக் குடிக்கிற கசாயம் மாதிரி ஆகிவிடும். பனங்கட்டிப் பாகைத் துணியில் வடிக்க மறக்க வேண்டாம், அடியில் தூசி தங்கும்.

இனி, யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய ஒன்று தண்ணீர். நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுகிற கிணறுகள். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படை அந்தக் கல்லின் சுண்ணாம்புதான். அதில் ஒரு துளி தேசிச்சாறு விட்டுப் பாருங்கள், பொருபொருவென்று நுரைக்கும். புளிப்பைச் சுண்ணாம்பு தின்கிற நுரை அது. கரைந்திருக்கும் சுண்ணாம்பு உங்கள் சாடிக்குள்ளும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்யும். அதனால்தான் சில வீட்டுத் தேசிக்காய்த் தண்ணி எவ்வளவு பிழிந்தாலும் சப்பென்று இருக்கிறது. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற விட்டு, அடியைக் கலக்காமல் மேலாக ஊற்றி எடுங்கள். கொதிக்கும்போது ஒரு பகுதி சுண்ணாம்பு கீழே படிந்துவிடும், கிருமியும் சாகும். ஐஸ் கட்டிக்கும் அதே ஆறிய தண்ணீர்தான். புளிப்பு கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பிப் பச்சைத் தண்ணீரில் ஐஸ் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. தீவுப் பக்கம் உவர்த் தண்ணீர் வருகிற வீடுகளில் உப்பை ருசி பார்த்துப் போடுங்கள், பல இடங்களில் போடவே தேவையிருக்காது.

சரி, கலக்கிற அளவு. ஒரு பெரிய கிளாசுக்கு ஒரு மேசைக்கரண்டி தேசிச்சாறு, இரண்டு மேசைக்கரண்டி பாகு, ஒரு சிட்டிகை உப்பு, மிச்சத்துக்குத் தண்ணீர். கடைசியில் இரண்டு புதினா இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள், கிள்ளவும் அரைக்கவும் வேண்டாம். சர்பத்துக்குப் போடுகிற கறுப்புக் கசகசா இருந்தால் இருபது நிமிடம் ஊற வைத்து ஒரு கரண்டி சேர்க்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தோடம்பழம் மலிவாகக் கிடைக்கும் நாளில் பாதித் தண்ணீருக்குப் பதில் அதன் சாற்றை ஊற்றிப் பாகைக் குறைத்துவிடுங்கள்.

வேலைக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பாகு ஒரு போத்தலில், கொதித்தாறிய தண்ணீர் இன்னொரு போத்தலில், தேசிக்காய் முழுதாகக் கூடையில். பள்ளிக்கூடத்தால் வந்து பெரிய பிள்ளையே காயை வெட்டிப் பிழிந்து கலக்கட்டும், ஐந்து நிமிட வேலை.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன அளவில் ஒரு கிளாசுக்குள் ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி சீனி இருக்கிறது. அவவுக்கு அது வேண்டாம். பனங்கட்டியும் சீனியைப் போல இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றக்கூடியதுதான், "அது நல்லது" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஆறிய தண்ணீரில் தேசிச்சாறு, தட்டிய புதினா, மெல்லிய இஞ்சித் துண்டு போட்டுக் கொடுங்கள். பிறஷரும் இருந்தால் உப்பையும் விட்டுவிடுங்கள். வயிற்றோட்டம் என்றால் யாருக்கும் இதைக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம், அதற்கு ஜீவனி என்கிற, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனிப் பொடிதான்.

சந்தையில் தேசிக்காய் மலிந்து கிடக்கும்போது கொஞ்சம் கூடுதலாக வாங்கி, சாற்றைப் பிழிந்த உடனேயே வடித்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டி ஒரு கிளாசுக்குக் கணக்காக இருக்கும். அலுமினியச் சட்டியில் சாற்றை வைக்காதீர்கள், கண்ணாடியோ சில்வரோ நல்லது.

அப்புறம் ஒன்று. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்று நூற்றுக்கணக்கில் தேசிக்காய் பிழிகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். கையில் பட்ட தேசிச்சாற்றோடும் தோல் எண்ணெயோடும் வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கலாம், பிறகு கறுத்த தழும்பு பல கிழமைக்குப் போகாது. நிழலுக்குள் நின்று பிழியட்டும். வெளியே போக முதல் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும்.