கண்ணும் காட்சியும்: ரீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: கீரிமலைக் கேணியில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் என் கைவிரல்கள்கூடக் கலங்கலாகத் தெரிகின்றன. நீச்சல் கண்ணாடி போட்டால் எல்லாம் தெளிவு. அது வெறும் தட்டைப் பிளாஸ்ரிக்தானே ரீச்சர்?
(மாணவர், கோண்டாவில்)

பதில்: தம்பி, தெளிவைத் தருவது பிளாஸ்ரிக் அல்ல. அதற்கும் உமது கண்ணுக்கும் இடையில் அகப்பட்டிருக்கும் காற்று.

ஒளியை விழித்திரையில் குவிப்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது, கண்ணின் முன்புறத்தில் கிண்ணம் கவிழ்த்ததுபோல் வளைந்திருக்கும் தெளிந்த படலம். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்ணே முறிவுச்சுட்டி. காற்றின் முறிவுச்சுட்டி 1. அந்தப் படலத்தினுடையது 1.38. இந்த வேறுபாட்டால்தான் கதிர் நன்றாக வளைகிறது. கேணித் தண்ணீரின் முறிவுச்சுட்டியோ 1.33. வேறுபாடு போனதும் வளைவும் போய்விடுகிறது. உள்ளிருக்கும் வில்லை தனியாக அந்தச் சுமையைத் தாங்காது. கண்ணாடிக்குள் காற்று இருந்தால் படலத்துக்குத் தன் வேலை திரும்பக் கிடைக்கிறது.

அப்படியானால் மீன் எப்படிப் பார்க்கிறது? அடுத்த முறை வீட்டில் விளைமீன் தலைக் குழம்பு வைக்கும்போது மீனின் கண்ணைப் பிரித்துப் பாரும். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, மாபிள்போல ஓர் உருண்டை இருக்கும். அதுதான் மீனின் வில்லை. உயிரோடிருந்தபோது பளிங்காக இருந்தது. முட்டையின் வெண்கருவைப்போல வெந்ததும் வெளுத்துவிட்டது. நமது வில்லை பருப்பைப்போலத் தட்டையானது. மீனுக்கு நீருக்குள் முன்படலம் உதவாது. ஆகவே வில்லையே முழு உருண்டையாகி எல்லா வேலையையும் ஏற்றுக்கொண்டது. சாப்பிடும்போது எத்தனை பேர் அதைத் துப்பியெறிந்திருப்போம்! என் சமையலறையில் அதைப்போல என்னை வியக்க வைக்கும் பொருள் வேறொன்றில்லை.

வங்கக் கடலுக்கு அப்பால், அந்தமான் கடலில் வாழும் மோக்கன் மக்களின் பிள்ளைகள் கண்ணாடி இல்லாமலே கடலடியில் சிப்பி பொறுக்குகிறார்கள். நீருக்குள் அவர்களின் பார்வை ஐரோப்பியப் பிள்ளைகளின் பார்வையைவிட இருமடங்குக்கு மேல் நுணுக்கமானது என்று சுவீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003இல் காட்டினார். கண்மணியை இயன்ற அளவு சுருக்கி, வில்லையை இயன்ற அளவு தடிக்கச் செய்து பார்க்கிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் கேணியின் ஆழம் நான்கில் மூன்று பங்காகவே தெரியும். படியில் கால் வைக்கும்போது கவனம்.

கேள்வி: மங்கலான நட்சத்திரத்தை நேரே பார்த்தால் மறைகிறது. சற்று விலகிப் பார்த்தால் தெரிகிறது. என் கண்ணில் ஏதும் குறையா?
(வாசகி, நெடுந்தீவு)

பதில்: குறை இல்லை, தங்கச்சி. நெடுந்தீவின் இருட்டு உங்களுக்குக் கிடைத்த பேறு.

விழித்திரையில் கூம்புக் கலங்கள் ஏறக்குறைய 60 இலட்சம், கோல் கலங்கள் ஏறக்குறைய 12 கோடி. கூம்புகள் நிறத்தையும் நுணுக்கத்தையும் தருகின்றன, ஆனால் வெளிச்சம் வேண்டும். கோல்கள் நிறம் அறியாதவை. அணுவளவு ஒளியே அவற்றுக்குப் போதும். நேரே பார்க்கும்போது உருவம் விழும் நடுக்குழியில் கோல் ஒன்றுகூட இல்லை. சற்று விலகிப் பார்த்தால் நட்சத்திர ஒளி கோல்களின்மீது விழுகிறது.

1990இல் மின்சாரம் நின்ற பிறகு, ஆண்டுக்கணக்காக எங்கள் வீட்டில் ஜாம் போத்தல் விளக்குத்தான். மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க, பிள்ளைகள் படித்து முடித்ததும் அதையும் அணைத்துவிடுவேன். அணைத்த கையோடு கிணற்றடிக்குப் போனால் துலாவும் தெரியாது, வாளியும் தெரியாது. விறாந்தையில் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனால் நட்சத்திர வெளிச்சத்திலேயே கிணற்றுக்கட்டும் வாழைகளும் தெரியும். கோல்களில் உள்ள ஒளியுணர் பொருள் வெளிச்சத்தில் சிதைந்து, இருட்டில் மெல்ல மீள்கிறது. அதற்கு 20 முதல் 30 நிமிடம் செல்லும். அந்தப் பொருள் உருவாக விற்றமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் வரும். முருங்கையிலை வறையைக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

பொழுது படும்போது வேலியோரச் செவ்வரத்தம்பூவையும் கவனியுங்கள். பகலில் இலைகளைவிடப் பளிச்சென்று நின்ற பூ முதலில் கறுத்துப்போகும். இலை சாம்பல் நிறமாக இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். கோல்களுக்குச் சிவப்பொளி பெரும்பாலும் புலப்படாது. செக் அறிஞர் புர்கின்யே 200 ஆண்டுகளுக்கு முன் பூக்களைப் பார்த்தே இதைக் கண்டுகொண்டார்.

கேள்வி: வல்லைவெளியில் பஸ்ஸில் வரும்போது, எழுகின்ற பூரணை நிலவு மிகப் பெரிதாக இருக்கிறது. உச்சிக்குப் போனதும் சிறுத்துவிடுகிறதே?
(ஓய்வுபெற்ற எழுதுநர், பருத்தித்துறை)

பதில்: ஐயா, உங்கள் விழித்திரையில் விழும் நிலவின் அளவு இரண்டு வேளையும் ஏறக்குறைய அரைப் பாகைதான். கணக்குப் பார்த்தால் அடிவான நிலவு ஒன்றரை வீதமளவு சிறியது. பூமியின் ஆரையளவு கூடுதல் தூரத்தில் அது இருக்கிறது. பெரிதாக்குவது மூளை. வெளியும் பனைகளும் முன்னால் நீண்டு கிடப்பதால், நிலவு அவற்றுக்கும் அப்பால் வெகுதூரத்தில் இருப்பதாக மூளை கொள்கிறது. அவ்வளவு தூரத்திலும் இந்த அளவில் தெரிந்தால் அது பெரிய பொருளாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

அடுத்த பூரணையன்று கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் எழும் நிலவை மறைத்துப் பாருங்கள். நடுச்சாமத்திலும் அதே நகத்தால் மறையுங்கள். பத்திரிகைத் தாளைக் குழலாகச் சுருட்டி, பனைகள் தெரியாதபடி அடிவான நிலவையும் பாருங்கள். கண்டதை ஓர் அஞ்சலட்டையில் எனக்கு எழுதுங்கள்.